சொய்த்ரோ மாதம் ஐந்தாம் தேதி

1. பேதாவும் பேதியும்

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓ.பி. பெஞ்சில் வளைந்து உட்கார்ந்திருந்த வடநாட்டு ஆள் ஒருவன், "பேட்டே பேதா, பேட்டே பேதா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் அட்டெண்டர் சுசீலா அதைக் கேட்ட மாத்திரத்தில் உள்ளே ஓடி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தாள்.

"பேதியாம் சிஸ்டரே. ரெண்டு மூணு மட்டம் சொல்லிட்டான். குடி மக்கா, நல்லா குடி."

அவன் மறுக்காமல் குடித்தான். குடித்து முடித்து மறுபடியும் "பேட்டே பேதா" என்றான். சுசீலா அடுத்த சொம்பு கலக்கப் போனாள்.

டாக்டரம்மா வந்து அவன் முதுகில் விலாவுக்குக் கீழே ஒரு தட்டு தட்டினார். அவன் துள்ளி எழுந்துவிட்டான். சிறுநீரகக் கல். கூட வந்த டைல்ஸ் மேஸ்திரி, இந்தி தெரிந்த காண்டிராக்டரைப் போனில் பிடித்துக் கேட்டுச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. வங்காளியில் பேட் என்றால் வயிறு. பேதா என்றால் வலி.

இரண்டாவது சொம்போடு நின்றிருந்த சுசீலா, "அப்பம் இதை என்ன செய்ய?" என்று கேட்டாள்.

"குடுங்க. கல்லுக்குத் தண்ணி நல்லதுதான்" என்றார் டாக்டரம்மா.

இப்படித்தான் சுபல் எங்களுக்கு அறிமுகமானான். கருங்கல்லிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டில் இருபது படுக்கை கொண்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. நான் அங்கே பிரசவ வார்டு பொறுப்பு நர்ஸ். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய அந்த வருஷங்களில் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ் போட, சென்ட்ரிங் அடிக்க, கம்பி கட்ட என்று வங்காளிகள் வந்து இறங்கினார்கள். பஸ்ஸில் பார்ப்போம், சந்தையில் பார்ப்போம். ஆனால் படுக்கையில் படுத்து நம்மிடம் ஏதோ கேட்கிற வங்காளியை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

சுபல் மூன்று நாள் அட்மிட் ஆகியிருந்தான். வலி குறைந்ததும் நல்ல பேச்சுக்காரன் என்று தெரிந்தது. எனக்கு அந்த மூன்று நாளும் திருவிழா மாதிரி இருந்தது. ஊசி போடப் போகும்போதெல்லாம் ஒரு வார்த்தை கேட்டு, பழைய டெம்பரேச்சர் சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். பார்த்ததும் சொல்வது நொமொஷ்கார். எப்படி இருக்கிறாய் என்பதற்குக் கேமொன் ஆச்சோ. நன்றாக இருக்கிறேன் என்றால் பாலோ ஆச்சி. தண்ணீர் ஜொல். சோறு பாத். அக்கா தீதி. விடைபெறும்போது 'போகிறேன்' என்று அவர்களும் சொல்வதில்லை. ஆஷி என்பார்கள். நம்முடைய 'வாறேன்' அதேதான். அதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனும் வாசலில் நின்று இதையே சொல்லிவிட்டுத்தான் போகிறான்.

குழப்பமும் வந்தது. வலி எப்போது ஆரம்பித்தது என்று சைகையில் கேட்டதற்கு, "கால்" என்றான்.

"நேத்து வயித்தில வலின்னான். இப்பம் காலுன்னுகான்" என்றாள் சுசீலா, அவன் காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டே.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு எப்போது ஸ்கேனுக்கு வருவாய் என்று கேட்டாலும் "கால்" என்றான். அவர்களுக்கு நேற்றும் கால், நாளையும் கால். போன கால், வரும் கால் என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் பிரித்தறிய முடியும். இது தெரிந்த நாளில் நான் கண்டுபிடிப்பாளர் போலப் பூரித்துப் போனேன்.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் செய்தேன். நமஸ்காரம் அங்கே நொமொஷ்கார், ஜலம் ஜொல், வசந்தம் பொஷொந்தோ. அகரம் வர வேண்டிய இடத்தில் ஒகரம், வகரத்துக்குப் பகரம். இந்த ஃபார்முலாவைப் போட்டால் நமக்குத் தெரிந்த வடசொல் எல்லாம் வங்காளியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. பயம் என்ற சொல்லை அப்படி மாற்றிப் பார்த்தேன். பொய். சுபல் தலையாட்டினான். "பொய் நேய்" என்றால் பயம் இல்லை. ஊசி போடும்போது அவனிடம் "பொய் நேய், பொய் நேய்" என்பேன். பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருநாள், "சிஸ்டரே, அந்தப் பையன் உண்மையைத்தானே சொல்லுகான், நீங்க ஏன் பொய் பொய்யுன்னு சொல்லுதிய?" என்று கேட்டார்.

அடுத்த இரண்டு வருஷத்தில் சுபலின் கூட்டாளிகள் ஒவ்வொருவராக எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். ஆணி குத்தியவன், காய்ச்சல்காரன், சிமென்ட் அலர்ஜி வந்தவன் என்று யார் வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுகூட உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். டாக்டரம்மா ஒரு தடவை, "சிஸ்டர் இருக்கது வரைக்கும் நமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டது.

2. தேதி கேட்கும் வித்தை

பிரசவ வார்டில் முதல் கேள்வி எல்.எம்.பி. எப்போது என்பதுதான். கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாள். அதிலிருந்து நாற்பது வாரம் எண்ணினால் இ.டி.டி., அதாவது பிரசவத் தேதி. எந்த வாரத்தில் எந்த ஊசி, எப்போது வலிக்குக் காத்திருப்பது, எப்போது காத்திருக்கக் கூடாது, எல்லாம் அந்த ஒரு தேதியின் மேல்தான் நிற்கிறது.

எங்கள் மாவட்டத்தில் அந்தத் தேதியைக் கேட்டு வாங்குவதற்குத் தனித் திறமை வேண்டும். கடற்கரையிலிருந்து வருகிறவள், "எங்க ஊர்த் திருவிழாவுக்குக் கொடி ஏத்துன மறுநாள்" என்பாள். அய்யாவழிக் குடும்பத்துப் பெண், "மாசி இருவது அய்யா அவதாரம் இல்லியா, அதுக்கு நாலு நாள் முன்ன" என்பாள். விளவங்கோடு பக்கத்துப் பெண்கள் கொல்லம் ஆண்டுக் கணக்கில் மீனம் பத்து, மேடம் இரண்டு என்று மலையாள மாதம் சொல்வார்கள். கிழக்கே இருந்து கல்யாணமாகி வந்தவள் அதே மாதங்களைப் பங்குனி, சித்திரை என்பாள். பள்ளிக்கூட டீச்சர்தான் மார்ச், ஏப்ரல் என்பார்.

எங்கள் வார்டுச் சுவரில் நாள்தாள் கிழிக்கிற காலண்டர் ஒன்று தொங்கும். இங்கிலீஷ் தேதி நடுவில் பெரிதாக, ஓரங்களில் தமிழ்த் தேதியும் கொல்லம் தேதியும் ஹிஜ்ரி தேதியும். இருபது வருஷத்துக்கு மேல் அதைப் பார்த்துப் பார்த்து, யார் எந்தக் கணக்கில் சொன்னாலும் மனசிலேயே மாற்றிச் சொல்லிவிடுவேன். புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன்கள் என்னைச் சோதித்துப் பார்ப்பதுண்டு. நான் தப்பியதில்லை.

3. மினதி

சுபல் தன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தது ஓர் அக்டோபர் மாதம். ஊரில் அவளைக் கவனித்துக்கொண்டிருந்த அவன் அம்மா இறந்துவிட்டதால், மாசமாக இருப்பவளைத் தனியே விட மனமில்லாமல் ரயில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டான். பெயர் மினதி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மூன்று நாள் ரயில் அலுப்பில் கண் உள்ளே போயிருந்தது. தமிழ் ஒரு சொல் தெரியாது, இந்தியும் அவ்வளவு வராது. முந்தைய செக்கப் சீட்டு எதுவும் கையில் இல்லை. ரயிலில் ஒரு பை தொலைந்துபோயிருந்தது.

சுபல் இதற்குள் ஓரளவு தமிழ் பேசுவான். "தீதி, நான் கூட நிக்கவா?" என்று கேட்டான்.

"நீ வெளியில இரி மக்கா. நான் பேசிக்கிடுதேன்" என்றேன்.

எனக்குத் துணை வேண்டாம் என்ற நினைப்பு. இரண்டு வருஷம் கற்றதை ஒரு பெண்ணிடம் முழுதாகப் பேசிப் பார்க்கிற சந்தர்ப்பம் அன்றுதான் வந்தது. நொமொஷ்கார் சொன்னேன். கேமொன் ஆச்சோ என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். வீட்டை விட்டு வந்த பிறகு அவள் காதில் விழுந்த முதல் பெண்குரல் வங்காளி அதுவாகத்தான் இருக்கும். மடமடவென்று பேசத் தொடங்கிவிட்டாள். எனக்குப் பத்தில் இரண்டுதான் விளங்கியது. நான் எல்லாம் விளங்கிய மாதிரி தலையாட்டினேன்.

"ஷேஷ் மாஷிக் கொபே?" என்று கேட்டேன். கடைசித் தீட்டு எப்போது.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சொய்த்ரோ மாஷ். பாஞ்ச் தாரிக்."

பாஞ்ச் ஐந்து. மாஷ் மாதம். சொய்த்ரோ என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. ஆனால் என்னிடம்தான் ஃபார்முலா இருந்ததே. சொய்த்ரோ, சைத்ரம், சித்திரை. எனக்குள் விளக்குப் போட்டது போல இருந்தது. சித்திரை ஐந்து என்றால் ஏப்ரல் பதினெட்டு. அவளுடைய தாய் கார்டில் எழுதினேன். டாக்டரம்மா வந்ததும், "எல்.எம்.பி. கிடைச்சிட்டா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"சித்திரை அஞ்சு, டாக்டர். கரெக்டா சொல்லிட்டா."

"பரவாயில்லியே. பெங்காலி மாசமும் படிச்சிட்டியளா?"

நான் சிரித்தேன். எத்தனை மாதம் என்று கேட்டபோது மினதி ஏழு விரல் காட்டினாள். என் கணக்கிலும் ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவள் ஏழு முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். ஏழு நடக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஸ்கேனில் குழந்தை எங்கள் கணக்கைவிட இரண்டு வாரம் கூடுதலாகக் காட்டியது. அத்தனை தாமதமாக எடுக்கிற ஸ்கேன் இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே காட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். "தாய் தேதியை உறுதியா சொல்லுகா. அதையே வச்சிக்கிடுவோம்" என்றார் டாக்டரம்மா. இ.டி.டி. ஜனவரி கடைசியில் என்று சிவப்பு மையில் எழுதினோம்.

4. மூன்று விரல்

ஜனவரி மூன்றாம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு மினதி வந்தாள். "கொம் நொர்ச்சே" என்றாள், வயிற்றில் கை வைத்து. கொஞ்சமாகத்தான் அசைகிறது.

டாக்டரம்மா பரிசோதித்தார். குழந்தையின் இதயத் துடிப்பு நூற்று நாற்பது. நல்ல துடிப்பு. குழந்தையின் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரைகிற என்.எஸ்.டி. மெஷின் எங்களிடம் ஒன்றுதான்; அது வார்டில் வேறொரு தாய்க்குப் போட்டிருந்தது. கார்டைப் பார்த்தார். முப்பத்தேழு வாரம்.

"இன்னும் மூணு வாரம் இருக்கு. இடப்பக்கமா படுத்து அசைவை எண்ணச் சொல்லுங்க. குறைஞ்சா உடனே வரணும். இல்லன்னா மூணு நாள் கழிச்சு வரட்டும்."

நான் மினதிக்கு எண்ணுகிற விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன். சுபல் ஆட்டோ பார்க்கப் போனான். அவள் வார்டு வாசல் பெஞ்சில் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்தாள். அங்கே சுசீலா பொங்கல் லீவு யாருக்கு யாருக்கு என்று என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"போன வருசமும் நான்தான் டூட்டி. இந்த வருசம் எனக்குத் தரணும் சிஸ்டரே."

நான் பேச்சை மாற்ற மினதியின் பக்கம் திரும்பினேன். பொங்கலன்று உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். காலண்டரைத் தூக்கிப் பொங்கல் தாளைக் காட்டி, "தோமாதேர்?" என்றேன். உங்களுக்கு?

அவள் முகம் மலர்ந்தது. அன்றைக்கு அவர்களுக்குப் பௌஷ் ஷொங்க்ராந்தி. அரிசி மாவில் தேங்காயும் பனைவெல்லமும் வைத்துப் பிட்டே செய்வார்கள். கையால் உருட்டிக் காட்டினாள்.

"பிட்டா? நம்ம புட்டு போலயா?" என்று சுசீலா லீவை மறந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது நடக்கிற மாதம் பௌஷ் என்றாள் மினதி. சங்கராந்தியோடு அது முடியும். பிறகு மாக். நான் சந்தோஷமாக நம் கணக்கைச் சொன்னேன். இப்போது நமக்கு மார்கழி, பொங்கலன்று தை பிறக்கும். மாதப் பிறப்புகூட ஒன்றாக வருகிறதே என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த மாதங்களையும் தெரிந்துகொள்ளலாம் என்று இரண்டு பேரும் விரல் மடக்கத் தொடங்கினோம். அவள் ஒரு பெயர் சொல்வாள், நான் ஒரு பெயர் சொல்வேன்.

"மாக்."

"தை."

"பால்குன்."

"மாசி."

"சொய்த்ரோ."

"பங்..." என்று தொடங்கிய வாய் அப்படியே நின்றுவிட்டது.

மூன்றாவது விரல் இரண்டு பேருக்கும் மடங்கியிருந்தது. அவளுக்கு அது சொய்த்ரோ. எனக்கு அது பங்குனி.

மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். அவளை எண்ண வைத்தேன். அதே விரலில்தான் வந்து நின்றது. அவர்களுக்குப் புது வருஷம் எது என்று கேட்டேன். "பொய்லா பொய்ஷாக்" என்றாள். பொய்ஷாக் முதல் தேதி. அது என்றைக்கு என்று ஏப்ரல் தாளைக் காட்டச் சொல்ல, அந்தக் காலண்டரில் அத்தனை தாள்களைப் புரட்டி நம் விஷுவுக்கு மறுநாளில் விரல் வைத்தாள். சித்திரை பிறக்கும் நேரத்தில் அவர்களுக்குப் பொய்ஷாக் பிறக்கிறது. பெயரைக் கேட்டால் வைகாசி போல இருக்கிறது. ஆனால் அது சித்திரை. சித்திரை போல ஒலிக்கிற சொய்த்ரோ பங்குனி. அவர்களுடைய கார்த்திக் நம் ஐப்பசி. பெயர்கள் எல்லாம் ஒரு மாதம் தள்ளி உட்கார்ந்திருந்தன.

"மாஷிக் புது வருஷத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" தமிழிலும் வங்காளியிலும் கையாலுமாகக் கேட்டேன்.

"ஆகே" என்றாள். முன்னால். அன்று அவர்கள் ஊரில் ஷீதளா பூஜை, நம் மாரியம்மன் கொடை போல. தீட்டு வந்துவிட்டதால் அவள் கோயிலுக்குள் போக முடியாமல் வெளியே நின்றாள். அதனால்தான் தேதி அத்தனை உறுதியாக நினைவிருந்தது.

ஏப்ரல் பதினெட்டு இல்லை. மார்ச் பத்தொன்பது. முப்பத்தேழு வாரம் இல்லை. நாற்பத்தொன்று தாண்டி மூன்று நாள். பிரசவத் தேதி போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது. அசைவு குறைந்திருக்கிற அந்தக் குழந்தையைத்தான் நாங்கள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆட்டோ வந்து முற்றத்தில் நின்றுவிட்டது.

"சுசீலா, இவளை எந்திரிக்க விடாதே" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

5. இரண்டு மணிக்குள்

டாக்டரம்மா ஓ.பி.யில் ஒரு கிழவரின் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் தட்டாமல் உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

"டாக்டர், மினதி கார்டில நான் எழுதுன தேதி தப்பு. ஒரு மாசம் வித்தியாசம். நாப்பத்தொண்ணு வாரம் தாண்டியாச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிரஷர் கருவியின் காற்றை இறக்கிவிட்டு எழுந்தார்.

"என்.எஸ்.டி. போடுங்க. பேச்சு பிறகு."

வார்டிலிருந்து மெஷினைக் கழற்றிக்கொண்டு வந்தோம். பெல்ட்டைக் கட்டும்போது மினதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். காகிதம் ஓடத் தொடங்கியது. முதல் ஐந்து நிமிடம் கோடு நேராகப் போனது. பிறகு ஒரு சரிவு. நூற்று நாற்பதிலிருந்து தொண்ணூறு, மெதுவாக ஏறி மறுபடியும் நூற்று முப்பது. பத்து நிமிடத்தில் இன்னொரு சரிவு. ஸ்கேனில் பனிக்குட நீர் மிகவும் குறைந்திருந்தது.

"தியேட்டரை ரெடி பண்ணுங்க" என்றார் டாக்டரம்மா.

மயக்க மருந்து டாக்டர் மார்த்தாண்டத்திலிருந்து வர வேண்டும். அரைமணி நேரம் ஆகும் என்றார். அந்த அரைமணி நேரத்தில் செய்ய வேண்டியது அத்தனையும் என் கை தானாகச் செய்தது. டிரிப் போட்டேன், ஆக்ஸிஜன் வைத்தேன், இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். சுபல் கையெழுத்துப் போட வந்தான்.

"தீதி, இன்னும் மூணு வாரம்னு சொன்னாங்களே?"

"பிறகு சொல்லுதேன் மக்கா. இப்பம் இதில போடு."

தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மினதி கூரையைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். நான் குனிந்து "பொய் நேய்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பயம் எனக்குத்தான் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

ஒன்றே முக்கால் மணிக்குக் குழந்தை வெளியே வந்தது. பெண். உள்ளேயே மலம் கழித்திருந்ததால் நீர் பச்சையாகக் கலங்கியிருந்தது. குழந்தை துவண்டு கிடந்தது. வாயிலும் மூக்கிலும் சக்ஷன் போட்டு உறிஞ்சினேன், துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன். முதல் அரை நிமிடம் ஒன்றுமில்லை. உள்ளங்காலில் இரண்டு தடவை சுண்டினேன். முகத்தைச் சுளித்தது. பிறகு அழுதது. நான் ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்தவள். ஓர் அழுகைக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டே, "சிஸ்டர், நகத்தைப் பாருங்க" என்றார்.

விரல் நுனியைத் தாண்டி நகம் வளர்ந்திருந்தது. உள்ளங்கையில் தோல் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. மாதம் தாண்டிய குழந்தைக்கு எழுதிவைத்த அடையாளங்கள். ஷீதளா கோயில் வாசலில் நின்றவள் சொன்ன தேதியில் ஒரு நாள்கூடப் பிசகில்லை.

6. ஆமார் புல்

சாயங்காலம் டாக்டரம்மா அறைக்குப் போய் நின்றேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானம்.

"ஸ்கேன் ரெண்டு வாரம் கூடுதலா காட்டுனப்பவே நான் ஒரு கேள்வி கேட்டிருக்கணும்" என்றார் அவர். "கேக்கல. ஏன் தெரியுமா? நீங்க அவ்வளவு உறுதியா சொன்னிய."

திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இந்த வார்த்தை பல வருஷம் கூடவே வந்தது.

அங்கிருந்து நேராக வார்டுக்குப் போனேன். மினதிக்கு மயக்கம் தெளிந்திருந்தது. சுபல் குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்தி நின்றான்.

"சுபல், தப்புக்கு ஒங்க பாஷையில என்ன?"

"புல், தீதி."

"என் தப்புன்னா?"

"ஆமார் புல்." சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்த்தான்.

நான் மினதியின் கட்டிலருகே உட்கார்ந்து, கார்டைக் காட்டி, "ஆமார் புல்" என்றேன். சொய்த்ரோவைச் சித்திரை என்று எழுதியதையும், அதனால் வீட்டுக்கு அனுப்ப இருந்ததையும் சுபலிடம் தமிழில் சொல்லி அவளுக்குச் சொல்லச் சொன்னேன். அவன் பாதி சொல்லி நிறுத்தினான். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் நியாயம். அவன் மீதியையும் சொன்னான். மினதி குழந்தையைத் தன் பக்கத்தில் படுக்க வைக்கச் சைகை காட்டினாள். பிறகு மெதுவாக நாலைந்து வார்த்தை சொன்னாள்.

"என்ன சொல்லுகா?"

"நீங்க இன்னிக்கு உக்காந்து எண்ணுனீங்கல்ல, அது போதும்னு சொல்றா" என்றான் சுபல்.

சுசீலா கதவோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஏட்டி மினதி, பிள்ளைக்கு வயித்த வலி வந்தா ஒடனே கூட்டிட்டு வா. இப்பம் எனக்கும் மனசிலாவும்" என்றாள்.

7. சார்ட்டும் சீலும்

அவர்கள் ஆறு நாள் இருந்தார்கள். நான் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மினதியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சார்ட் எழுதினேன். பன்னிரண்டு வரிசை. முதல் பத்தியில் இங்கிலீஷ் மாதம், இரண்டாவதில் தமிழ், மூன்றாவதில் கொல்லம், நாலாவதில் வங்காளம். மாதப் பிறப்பு ஒரு நாள் இரண்டு நாள்தான் முன்னே பின்னே வந்தது. குழந்தை பிறந்தது நமக்கு மார்கழி பத்தொன்பது, அவர்களுக்குப் பௌஷ் பதினெட்டு. சூரியன் ஒன்று, நாளும் கிட்டத்தட்ட ஒன்று, பெயர்தான் வேறு என்று பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. கொல்லம் மாதங்களுக்கு மேடம், இடவம் என்று ராசிப் பெயர் இருப்பதால் அங்கே ஏமாற வழியில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சொய்த்ரோவை நான் விளவங்கோட்டு மாதங்களில் தேடியிருந்தால், பெயர் ஒட்டாமல் திருப்பிக் கேட்டிருப்பேன்.

எங்கள் ஃபார்மசிஸ்ட் நசீமா தேங்காய்ப்பட்டணத்துக்காரி. சார்ட்டைப் பார்த்துவிட்டு, "எங்க மாசத்துக்கு ஒரு பத்தி போடலியா?" என்று கேட்டாள். போடத் தயாரானேன். அவளே தடுத்தாள்.

"வேண்டாம் சிஸ்டரே. அது ஒங்க சார்ட்டில நிக்காது. பிறை பாத்து வாறது. வருசா வருசம் பத்துப் பதினோரு நாள் முன்ன போகும். போன வருசம் எழுதுனத இந்த வருசம் பாத்தா குழியில விழுவிய. ஒவ்வொரு மட்டமும் கேட்டுத்தான் எழுதணும்."

ஆகவே ஐந்தாவது பத்தியில் மாதப் பெயர் எழுதாமல், 'நசீமாவிடம் கேட்கவும்' என்று எழுதினேன். அந்தச் சார்ட்டை லேமினேட் செய்து ஓ.பி. சுவரில் மாட்டினோம். அதன் பிறகு ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பத்தி கூடியது. ஒரே பெயரை நாலு ஊர்க்காரர்கள் நாலு சமயத்துக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் பழைய சந்தோஷம் வந்தது. ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன்னால் கை கொஞ்சம் நிற்கப் பழகியிருந்தது.

இப்போது வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பேதா பேதியாகக் கேட்டது, கால் காலாகவே கேட்டது; ஆனால் அர்த்தம் ஒட்டாததால் விழித்தோம், விசாரித்தோம். ஒட்டாத சொல் அப்படி நம்மைக் கேட்க வைக்கும், அதனால் அது பெரும்பாலும் யாரையும் கொல்லாது. தெரிந்த சொல் போலவே ஒலித்து, அர்த்தமும் ஒட்டிவிடுகிற சொல் நம்மை எதையும் கேட்க விடாது. எனக்கு வங்காளி சுத்தமாகத் தெரியாமல் இருந்திருந்தால், அன்று சுபலை உள்ளே கூப்பிட்டிருப்பேன். சுபலுக்கு அது ஒரு நிமிட வேலை.

டாக்டரம்மா அந்த மாதமே ஒரு ரப்பர் சீல் செய்து கொண்டுவந்தார். தாய் கார்டில் எல்.எம்.பி. தேதிக்குக் கீழே குத்துவதற்கு. அதில் இரண்டே வார்த்தை, ஒரு கோடு. 'எப்படித் தெரியும்?' கொடியேற்றிய மறுநாள், விஷுவுக்கு மூன்று நாள் முன்னால், ஷீதளா கோயிலுக்குள் போக முடியாத நாள் என்று அந்தக் கோட்டில் ஏதாவது எழுதியாக வேண்டும். கோடு காலியாக இருந்தால், மேலே தேதி எத்தனை அழகாக எழுதியிருந்தாலும், அந்தக் கார்டில் தேதி இல்லை என்றே எங்கள் வார்டில் அர்த்தம்.